ஆற விடாத செல்போன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி மாணவர் மோதல் பற்றிய செய்தி வந்தால், அடுத்த சில நாட்களுக்கு இந்தப் பகுதியில் கடிதங்கள் வரிசைகட்டி வருகின்றன. பெற்றோர் வளர்ப்பு சரியில்லை என்கிறார் ஒருவர். ஆசிரியர் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கியதுதான் காரணம் என்கிறார் இன்னொருவர். செல்போனைத் தடை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் பலர். எல்லாவற்றையும் படித்துவிட்டு வாய்மூடி இருக்க மனம் ஒப்பாமல் இதை எழுதுகிறேன். தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு ஓடும் டவுன் பஸ்களில் நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிக்கூட வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே பிள்ளைகள் கழிக்கும் அந்த முக்கால் மணி நேரத்தைக் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆசிரியருக்கும் தெரியாமல் தாய் தகப்பனுக்கும் தெரியாமல் நடப்பவை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன.

எங்கள் பக்கத்தில் நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரலில் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில், கையில் கட்டும் சாதிக் கயிறு தொடர்பான மோதலில் தாக்கப்பட்ட 12ஆம் வகுப்பு மாணவன் உயிரிழந்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 12ஆம் வகுப்புப் படித்த பட்டியலின மாணவனை, கூடப் படித்தவர்களே இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். 2025 மார்ச் 10 அன்று ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில், தேர்வு எழுதப் போய்க்கொண்டிருந்த 11ஆம் வகுப்பு மாணவனைப் பஸ்ஸை வழிமறித்துக் கீழே இழுத்து வெட்டினார்கள். விரல்கள் துண்டாகி, மருத்துவர்கள் அவற்றை மீண்டும் பொருத்த வேண்டியதாயிற்று. கபடிப் போட்டியில் மூண்ட பகை என்று செய்தி வந்தது. அடுத்த மாதமே, ஏப்ரல் 15 அன்று, பாளையங்கோட்டைத் தனியார் பள்ளியில் 8ஆம் வகுப்பு மாணவன் புத்தகப் பையில் அரிவாள் கொண்டுவந்து கூடப் படித்தவனை வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. ஒரு பென்சிலுக்காக வந்த தகராறு அது.

இவற்றில் பலவற்றுக்கு வேர் சாதி. அதைச் செல்போன் விதைக்கவில்லை. இன்ஸ்டாகிராம் என்ற பெயரே காதில் விழாத காலத்திலும் எங்கள் ஊர்களில் அரிவாள் தூக்கியிருக்கிறார்கள், கலவரம் நடந்திருக்கிறது, பஸ் கண்ணாடிகள் நொறுங்கியிருக்கின்றன. பழியைத் தூக்கிப் போன் மேல் போட்டுவிட்டுப் பெரியவர்கள் கை கழுவுவதற்கு நான் உடன்பட மாட்டேன். ஆனால் முன்பு பையன்களுக்குள் நடந்த சண்டைக்கும் இப்போது நடக்கும் சண்டைக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. அதைப் பஸ்ஸுக்குள் நின்றே பார்த்தேன்.

முன்பெல்லாம் சண்டை எப்படி நடக்கும்? ஜன்னலோர இருக்கைக்கு, படிக்கட்டில் முன்னால் யார் தொங்குவது என்பதற்கு, ஒரு பெண்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தியதற்கு. சட்டையைப் பிடிப்பார்கள், பொத்தான் தெறிக்கும், மூக்கில் ரத்தம்கூட வரும். நான் விசிலை ஊதிவிட்டு ஒருவனை முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல் உட்கார வைப்பேன், மற்றவனைப் பின்வாசலில் என் அருகே நிறுத்திக்கொள்வேன். பல நாளைக்கு அது போதும். இருவரும் வேறு வேறு நிறுத்தத்தில் இறங்கி வேறு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். வீட்டில் சட்டை கிழிந்ததற்கு அம்மா நான்கு சாத்துச் சாத்துவாள். மறுநாள் காலை இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறுவார்கள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் இன்னும் நல்லது. திங்களன்று ஒருவன் மற்றவனிடம் கணக்கு நோட்டு வாங்கிக்கொண்டிருப்பான். யாரும் சமாதானம் பேசி வைக்கவில்லை. ஆறப்போட்டார்கள், ஆறிவிட்டது.

அந்த ஆறும் நேரம்தான் இப்போது இல்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு. ஒல்லியான உடம்பு, அண்ணனின் பழைய சீருடை, தோள் தொங்கிப்போன சட்டை. பள்ளி விட்டு பஸ் நிலையத்தில் நின்ற நேரத்தில் வேறு பள்ளிப் பையன் ஒருவன் அவனைக் கன்னத்தில் அறைந்திருக்கிறான். பக்கத்தில் நின்ற இன்னொருவன் அதைப் படம் பிடித்திருக்கிறான். அறை விழும் இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, அடி விழும் சத்தத்தைப் பெரிதாக்கி, பின்னால் ஒரு சினிமா இசையைப் போட்டு, மேலே சிரிக்கும் முகங்களையும் இவனுடைய ஊர்ப் பெயரையும் ஒட்டிவிட்டான். பத்து விநாடிகூட இருக்காது. என் பஸ் ஆற்றுப்பாலத்தைத் தாண்டுவதற்குள் அது பஸ்ஸுக்குள்ளேயே நான்கைந்து போன்களில் ஓடிக்கொண்டிருந்தது. அறை விழும் சத்தம் முன்னால் ஒரு முறை கேட்கும், பின்னால் ஒரு முறை கேட்கும். கல்லூரிப் பையன்கள் பார்த்தார்கள். மார்க்கெட்டிலிருந்து திரும்பிய பெரிய மனிதர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார்.

அந்தப் பையனிடம் போன் கிடையாது. கடைசி இருக்கையில் இருந்த கல்லூரி மாணவனிடம் போய், "அண்ணே, இன்னும் ஒரு தடவை காட்டுங்கள்" என்று கேட்டு, தான் அடிவாங்குவதைத் தானே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். போதும், கொடுத்துவிடு என்று நான் சொன்னபோது அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விரல் மட்டும் திரையின் கீழே இருந்த எண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டும் எண். பஸ் ஓட ஓட அதுவும் ஏறிக்கொண்டே போனது.

மறுநாள் காலை பஸ் நடையில் அவன் வழக்கம்போல் ஏறினான். எங்கள் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளின் புத்தகப் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பீடிக் கடைக்கு இலை வாங்கப் போகும் ஆச்சி ஒருவர் அவன் பையையும் வாங்கி வைத்திருந்தார். சிறிது நேரத்தில் என்னைக் கண்ணால் கூப்பிட்டார். டிக்கெட் கொடுப்பதுபோல் குனிந்தேன். "ஏ ராசா, இந்தப் பைக்குள் புத்தகம் மட்டும் இல்லை, பார்த்துக்கொள்" என்றார். தொட்டுப் பார்த்தேன். துண்டில் சுற்றிய பன்னரிவாள். வீட்டில் புல் அறுக்க வைத்திருந்தது.

பையை என் தோளில் மாட்டிக்கொண்டேன். அவனை என் பக்கத்தில் நிறுத்தி, மற்றவர்களுக்குக் கேட்காமல் விசாரித்தேன். அடித்தவன்மீது அவ்வளவு கோபமா என்று கேட்டேன். "அடித்தது வலிக்கவில்லை அண்ணாச்சி. எல்லோரும் பார்த்துவிட்டார்கள்" என்றான். இரவு என்ன நடந்தது என்பதும் மெல்ல மெல்ல வெளியே வந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன்கள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, இவன் அம்மாவின் போனுக்கே அழைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெயரைப் போட்டு அசிங்கப்படுத்தியிருக்கிறான், நீ சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். அது முடிந்து இன்னொருவர் சென்னையிலிருந்து. பதினான்கு வயதுப் பிள்ளையை இரவு பதினொன்றரை மணி வரை தூங்க விடாமல் பெரியவர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து குத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

பள்ளி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அவனுடன் இறங்கித் தலைமை ஆசிரியையிடம் பையைக் கொடுத்தேன். பஸ் தாமதம், பயணிகள் சத்தம், பிறகு பணிமனையில் விளக்கம் கேட்டு மெமோ, எல்லாம் வந்தது. அதைப் பெரிதாகச் சொல்ல விரும்பவில்லை. அந்தத் தலைமை ஆசிரியை செய்ததைத்தான் சொல்ல வேண்டும். மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம், அதுதான் சுலபம். அவர் அன்று முழுவதும் பையனைத் தன் அறையிலேயே உட்கார வைத்தார். அவன் அம்மாவை வரவழைத்து, அந்தப் போனிலிருந்தே திருப்பூருக்கு அழைத்து, அந்த அண்ணன்மாரிடம் தான் யார் என்று சொல்லிப் பேசினார். அடித்த பையனின் பள்ளிக்கும் பேசினார். பிள்ளை தப்பினான், இரு குடும்பமும் தப்பின. பத்தாம் வகுப்பை அவன் அதே பள்ளியில்தான் முடித்தான்.

வீடியோ மட்டும் ஒழிந்து போகவில்லை. பல மாதங்கள் கழித்துப் பணிமனை ஓய்வறையில் இளம் நடத்துநர் ஒருவர் வேடிக்கை வீடியோ என்று சொல்லி அதையே எனக்குக் காட்டினார். வேறு கணக்கு, வேறு இசை, அதே கன்னம்.

போனுக்கு அடிமையாகிவிட்டார்கள் என்று நாம் சொல்லும்போது, பிள்ளைகள் ரீல்ஸ் பார்த்துப் பொழுதைப் போக்குகிறார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் நினைக்கிறோம். அதுவும் உண்மைதான். கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அரிவாளைச் சுழற்றும் வீடியோ ஒன்றை முழுதாகப் பார்த்துவிட்டால் அதே மாதிரி அடுத்தடுத்து அதுவே கொண்டுவந்து கொட்டும். ஆனால் நான் பார்த்த அடிமைத்தனம் இன்னும் ஆழமானது. தன்னை எத்தனை பேர் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்பது தெரியாமல் அந்தப் பிள்ளைகளால் ஒரு மணி நேரம் இருக்க முடியவில்லை. கைகலப்பு முடிந்தாலும் கருத்துப் பெட்டியில் சண்டை முடிவதில்லை. இரவு ஒரு மணிக்கு எவனோ ஒரு சிரிப்பு முகம் போடுகிறான், காலையில் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்த மருந்துக் குணம் போய்விட்டது.

இன்னொன்று, சண்டைக்கு இப்போது கூட்டம் வேண்டியிருக்கிறது. முன்பு சுற்றி நின்றவர்களில் இரண்டு பேராவது விலக்கிவிடுவார்கள். இப்போது அந்த இரண்டு பேரும் போனை உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். படம் பிடிப்பது தெரிந்ததும் பின்வாங்க நினைத்தவன்கூட அடிக்கிறான். இதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். கை ஓங்கும் முன் அவன் கண் ஒரு கணம் போன் இருக்கும் பக்கம் போய்வரும்.

கயிறு விஷயத்துக்கு வருகிறேன். சாதியை அடையாளம் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடுக்க வேண்டும் என்று 2019இலேயே பள்ளிக்கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர்க் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றோடு சாதி வண்ணம் பூசிய சைக்கிளையும் சேர்த்துத் தடை செய்யச் சொன்னது. பள்ளி வளாகத்தில் மாணவர்கள் செல்போன் பயன்படுத்தவும் தடை கேட்டது. மிகச் சரியான பரிந்துரைகள். அரசியல் லாப நட்டம் பார்க்காமல் ஒன்றுவிடாமல் நிறைவேற்ற வேண்டியவை.

ஆனால் கயிறு மணிக்கட்டில் இருந்தவரை ஆசிரியர் கண்ணுக்குத் தெரிந்தது, என் கண்ணுக்கும் தெரிந்தது. இப்போது அது கணக்கின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று வண்ண இதயங்களாகப் போய் உட்கார்ந்துகொண்டது. எந்த வண்ணம் யாருடையது என்று ஒரு பையன் எனக்கு வரிசையாக விளக்கினான். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் தடங்கலில்லாமல் சொன்னான். அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். குழுவில் இருக்கும் அண்ணன்கள் என்றான்.

அந்த அண்ணன்களைப் பற்றித்தான் எனக்குக் கொதிக்கிறது. பள்ளிப் பையன்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களை நடத்துகிறவர்களில் பலர் பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்கள். தலைவர் படம், வாள், அரிவாள், சினிமா வசனம், அடுத்த சாதியைச் சீண்டும் வரி, இவற்றை வெட்டி ஒட்டி வீடியோ தயாரித்து அனுப்புவது இவர்களுக்குத் தொழில்போல் ஆகிவிட்டது. பிள்ளைகள் அதைப் பகிர்கிறார்கள், விருப்பக்குறி இடுகிறார்கள், ஒரு நாள் பையில் இரும்பைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். சம்பவம் நடந்ததும் பிள்ளை கூர்நோக்கு இல்லத்துக்குப் போகிறான். அண்ணன் குழுவின் பெயரை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறான். சாதி மோதலைத் தூண்டும் பதிவுகளுக்காக எங்கள் மாவட்டக் காவல்துறை வழக்குகள் பதிவு செய்துதான் வருகிறது, அதை நான் மறுக்கவில்லை. நான் கேட்பது வேறு. பள்ளிப் பிள்ளை ஒருவன் ஆயுதம் எடுத்த ஒவ்வொரு வழக்கிலும், அதற்கு முந்தைய நாட்களில் அவனிடம் போனில் பேசிய பெரியவர்கள் யார், அவன் இருந்த குழுக்களை நடத்தியவர்கள் யார் என்று விசாரித்து அவர்களையும் வழக்கில் சேர்க்க வேண்டும். பிள்ளையின் கையில் அரிவாளைக் கொடுத்தவனை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் திருத்த முடியாது.

ஆஸ்திரேலியாவைப்போல் சட்டம் போட்டுவிட்டால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். அங்கே 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. மீறும் நிறுவனங்களுக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளையையும் பெற்றோரையும் தண்டிக்காமல் நிறுவனத்தின் கழுத்தில் பொறுப்பைக் கட்டியிருப்பதை நான் மனதார வரவேற்கிறேன். நம் நாட்டிலும் 2023இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை குழந்தை என்றே சொல்கிறது. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது, குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்றும் சொல்கிறது.

எழுத்தில் எல்லாம் சரி. எங்கள் ஊர் வீடுகளில் போன் யாருடையது? அம்மாவுடையது. கரோனா காலத்தில் பள்ளியை மூடி, வகுப்பைப் போனில் நடத்தியபோது, பீடி சுற்றும் பெண்கள் சுய உதவிக் குழுவில் கடன் எடுத்து வாங்கிய போன். கணக்கு அம்மாவின் எண்ணில், அம்மாவின் வயதில் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் நிறுவனம் வளரிளம் பருவத்தினருக்கென்று தனிக் கணக்கு முறையை 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. அதில் இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகள் வராது. நல்ல ஏற்பாடு. ஆனால் கணக்கில் வயது முப்பத்தெட்டு என்று இருந்தால் அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்யும்? 2024ஆம் ஆண்டின் அசர் கல்வி ஆய்வில், நாட்டின் கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளில் 82 விழுக்காட்டினருக்கு மேல் ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும் என்று தெரிய வந்தது. அவர்களில் 57 விழுக்காட்டினர் முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்காகப் பயன்படுத்தியிருந்தார்கள். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு.

போனைப் பிடுங்கி வைக்கச் சொல்லும் கடிதங்களைப் படிக்கும்போது, அவற்றை எழுதியவர்களை ஒரு நாள் எங்கள் ஊருக்கு அழைத்துவர வேண்டும் என்று தோன்றும். அப்பா கேரளத்தில் கட்டட வேலையில் இருக்கிறார், அல்லது வளைகுடா நாட்டில். அம்மா விளக்கு வைத்த பிறகும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறாள். கேஸ் பதிவு செய்வதும், அப்பா அனுப்பிய பணம் வந்ததா என்று பார்ப்பதும், மகளிர் குழுவின் தவணைக் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்வதும் பிள்ளைதான். வீட்டில் போன் தெரிந்த ஒரே ஆள் அவன். அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கு என்று அந்தத் தாயிடம் சொல்வது நமக்குச் சுலபம்.

ஆகவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து சில கோரிக்கைகள். நம் பகுதியில் ஒரே சாலையில் இருக்கும் நான்கைந்து பள்ளிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடுகின்றன. ஐந்து பஸ்ஸுக்கான கூட்டம் இரண்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறது. இலவச பஸ் பாஸ் பிள்ளைகள் என்று சில ஓட்டுநர்கள் நிறுத்தாமல் போவதும் உண்டு. காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் வம்பு தொடங்குகிறது, படப்பிடிப்பும் தொடங்குகிறது. பள்ளி விடும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்பின்னாக மாற்றி அமைக்க எந்தச் சட்டமும் வேண்டாம். மாவட்டக் கல்வி அலுவலரும் போக்குவரத்துக் கிளை மேலாளரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். கூடுதலாக ஒரு மாலை பஸ் நடை விட்டால் இன்னும் நல்லது. நிலையத்தில் அந்த நேரத்துக்கு, பிள்ளைகளுக்கு முகம் தெரிந்த ஒரு காவலர் நிற்கட்டும். சீருடைக்குப் பயந்தல்ல, பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒரு பெரியவர் நின்றாலே பாதிச் சண்டை மூளாது. நடத்துநர்களிடம் அந்தத் தடத்தில் உள்ள பள்ளிகளின் தொலைபேசி எண்களைக் கொடுங்கள். பிள்ளையைக் காப்பாற்ற பஸ்ஸை ஐந்து நிமிடம் நிறுத்தியவனுக்கு மெமோ கொடுக்காதீர்கள்.

அடுத்தது பள்ளிக்கு. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்று சந்துரு குழு சொல்லியிருக்கிறது. அந்தப் பணியிடத்தை உண்மையாகவே உருவாக்கி, முறையான ஆளை நியமிக்க வேண்டும். ஏற்கெனவே திணறும் தமிழாசிரியர் தலையில் கூடுதல் பொறுப்பாகக் கட்டக் கூடாது. வீடியோ ஒன்று பரவத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரு பிள்ளைகளும் அன்றிரவு யார் வீட்டில் யார் பொறுப்பில் இருப்பார்கள் என்று உறுதி செய்வது, பதிவை நீக்க முறையிடுவது, வெளியூரிலிருந்து போன் செய்யும் சொந்தங்களிடம் பேசுவது, இவையெல்லாம் ஒரு தலைமை ஆசிரியை தன் மனத்தால் செய்தார். எல்லாப் பள்ளியிலும் அப்படி ஒருவர் வாய்ப்பார் என்று நம்பி இருக்க முடியாது. 14417 என்ற கல்வி உதவி எண்ணும், குழந்தைகளுக்கான 1098 எண்ணும் பள்ளிச் சுவரில் எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். அந்த எண்களைப் பஸ்ஸுக்குள், பிள்ளைகள் நிற்கும் பின்பகுதியிலும் எழுதுங்கள். விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் பறித்துக்கொள்ளும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். அடித்துப் பிடித்து விளையாடிக் களைத்து ஏறும் நாளில் பிள்ளைகள் பஸ்ஸில் தூங்கி விழுவதையே பார்த்திருக்கிறேன்.

வெளியூரில் பிழைக்கும் எங்கள் ஊர் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தம்பி அடிபட்ட வீடியோ வந்தால் அவனுக்குப் போன் செய்யுங்கள். கட்டாயம் செய்யுங்கள். சாப்பிட்டாயா, வலிக்கிறதா, பயப்படாதே, நாளைக்கு ஊருக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். இரவோடு இரவாக அவனைக் கொலைகாரனாக்கிவிட்டு, நீங்கள் காலையில் கம்பெனி வேலைக்குப் போய்விடுவீர்கள். ஜாமீனுக்கு அலைவது பீடி சுற்றும் அந்தத் தாய்தான்.

கடைசியாகத் தங்களிடமே ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, வழக்கில் சிக்கிய பிள்ளையானாலும் பாதிக்கப்பட்ட பிள்ளையானாலும் பெயர், முகவரி, பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அச்சுப் பத்திரிகைகள் பெரும்பாலும் இதை மதிக்கின்றன. ஆனால் பல செய்தி நிறுவனங்களின் இணையப் பக்கங்களிலும் யூடியூப் சேனல்களிலும், முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டுச் சீருடையும் பஸ் நிலையமும் பளிச்சென்று தெரியும்படி மாணவர் சண்டை வீடியோக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சீருடையும் நடையும் போதும், யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். தங்கள் நாளிதழின் இணையப் பக்கத்திலாவது பள்ளிப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் வீடியோ எதையும் வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்து அறிவியுங்கள். ஏற்கெனவே ஏற்றியவை இருந்தால் நீக்கிவிடுங்கள்.

மேலே சொன்ன பையன் யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் என் பெயரையும் நான் பணிபுரிந்த தடத்தையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர்,
திருநெல்வேலி.